தொட்டியில் ஊறிய டாக்டர் பட்டம்

எங்கள் கல்லூரியில் முனைவர் பட்ட அறிவிப்புகள் ஒட்டும் பலகைக்குப் பொறுப்பு நான்தான். அறிவியல், பொறியியல் துறைகளில் ஆய்வு வாய்ப்புகள், உதவித்தொகையோடு முழுநேரம், வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரம், தகுதி, கடைசித் தேதி என்று எங்கிருந்து எது வந்தாலும் முதல்வர் அதை என் மின்னஞ்சலுக்குத் தள்ளிவிடுவார். நான் அச்செடுத்து, குண்டூசி குத்தி, கண்ணாடிக் கதவைப் பூட்ட வேண்டும். டாக்டர் பட்டம் வாங்காத ஒருத்தியிடம் இந்த வேலையைக் கொடுக்கலாம் என்று யாருக்குத் தோன்றியதோ, அவர் நன்றாக இருக்கட்டும். கேட்டால், "மெக்கானிக்கல்ல நீங்கதானே மேடம் சீனியர்" என்கிறார்கள். சீனியர்தான். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் எனக்கு மேலே உட்கார்ந்திருக்கிறார்கள்.

பலகையைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் வருவார்கள். பெண் பிள்ளைகள்தான் அதிகம். "மேம், பிஎச்டி பண்ணலாமா மேம்?" என்பார்கள். பண்ணு தாயே, தாராளமாகப் பண்ணு என்பேன். உடனே அடுத்த கேள்வி வரும். "நீங்க ஏன் மேம் பண்ணல?" இதைக் கேட்காமல் போன பிள்ளை இதுவரை கிடையாது. "நுழைவுத் தேர்வுக்கு அப்ளை பண்ணிட்டியா, மொதல்ல அதைச் சொல்லு" என்று அதட்டி அனுப்பிவிடுவேன்.

நான் பண்ணவில்லை என்று யார் சொன்னது? பண்ணினேன். முடிக்க விடவில்லை.

நான் ராயக்கோட்டைக்காரி. அப்பாவுக்குத் தக்காளி மண்டி. எம்.இ. முடித்த வருடம் பெங்களூரில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனத்தில் முழுநேர ஆய்வுக்கு இடம் கிடைத்தது. உதவித்தொகை உண்டு, விடுதி உண்டு. நேர்காணலில் என்னைக் கேள்வி கேட்ட பேராசிரியை, துருவைப் பற்றி இத்தனை ஆசையாகப் பேசுகிற பெண்ணை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சிரித்தார். அந்தச் சிரிப்போடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்து சொன்னால், அப்பா கைக்கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டு, "கல்யாணம் ஆனாலும் படிக்கலாம் இல்லம்மா? அது எங்க ஓடிப் போவுது?" என்றார். அவருடைய தக்காளி தினமும் அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டி பெங்களூருக்குப் போனது. பெண் மட்டும் தனியாகத் தாண்டக் கூடாது. அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. வயதாகிவிட்டது, சர்க்கரை வேறு, அதனால் காட்டுவதில்லை.

கல்யாணம் ஆனது. வீட்டுக்காரர் ஓசூர் சிப்காட்டில், வண்டிகளுக்கு உதிரிப்பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறார். சேலத்துக்காரர், நல்ல மனிதர். எதையும் தடுக்க மாட்டார், எதற்கும் விழுந்தடித்து ஓடவும் மாட்டார். நான் கிருஷ்ணகிரி போகிற நெடுஞ்சாலையில் இருக்கும் இந்தத் தனியார் கல்லூரியில் சேர்ந்தேன். சேர்ந்த சில வருடங்களில் நிர்வாகம் எல்லோரையும் கூட்டிச் சொல்லிவிட்டது. டாக்டர் பட்டம் இருந்தால்தான் இனிப் பதவி உயர்வு. குறித்த காலத்துக்குள் வாங்காதவர்கள் இருக்கிற இடத்திலேயே இருக்கலாம், எவ்வளவு நாள் இருப்பார்கள் என்பதை நிர்வாகம் முடிவு செய்யும். எனக்கு அந்த மிரட்டல் தேவையே இல்லை. பெங்களூரில் விட்டதை எப்படியாவது பிடிக்க வேண்டும் என்றுதான் நான் அத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பகுதிநேர ஆய்வுக்குப் பதிவு செய்தேன்.

கைடு கிடைத்தது சேலம் பக்கத்தில். ஒரு பேராசிரியருக்குக் கீழே இத்தனை பேர்தான் ஆய்வு செய்யலாம் என்று கணக்கு உண்டு. ஒரு இடம் காலியானால் அதற்குப் பத்துப் பேர் நிற்பார்கள். எங்கள் துறையில் தெரிந்தவர் ஒருவர் சொல்லி, எனக்கு அந்த இடம் கிடைத்தது. முதல் தடவை பார்க்கப் போனபோது தலைப்பைப் பற்றிக் கேட்பார் என்று கோப்பும் கையுமாக நின்றேன். "ஓசூர்லயா இருக்க? அங்க ரோஜா நல்லா கிடைக்குமே" என்றார் கைடு. அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை பூஜை விசேஷம். அன்றிலிருந்து சேலம் ரயில் ஏறும்போதெல்லாம் ஒரு கையில் ஆய்வுக் கோப்பு, இன்னொரு கையில் ரோஜாக் கட்டு. பிறகு பக்கத்துத் தளியில் விளைகிற பீன்ஸ் சேர்ந்தது. ராயக்கோட்டைப் பெண் என்று தெரிந்ததும் தக்காளியும் சேர்ந்தது. ரயிலில் பக்கத்து சீட்டு அம்மா ஒருத்தி, "எந்த மார்க்கெட்ல கடை போட்டிருக்க கண்ணு?" என்று கேட்டாள். பொறியியல் மார்க்கெட்டில் என்று சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். என் பூசாரி காய்கறி வாங்கிக்கொண்டு, தலைப்பையாவது என் இஷ்டத்துக்கு விட்டார். அந்த மட்டும் சரி.

தலைப்பை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். இரும்பைக் கடைகிற இயந்திரத்தில் சூடு தணிய ஒரு திரவம் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும், கூலன்ட் என்பார்கள். அது அடியிலுள்ள தொட்டிக்கு வடிந்து, திரும்ப மேலே ஏறும். ஆய்வகத்தில் துருவைச் சோதிக்கிறவர்கள் எல்லோரும் புது கூலன்டைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றிச் சோதிப்பார்கள். தொழிற்சாலைத் தொட்டியில் இருப்பது அதுவா? எண்ணெய் ஒழுகியிருக்கும், இரும்புத் தூள் கிடக்கும், ஞாயிறு முழுக்க இயந்திரம் நின்று திங்கள்கிழமை காலையில் மூக்கைப் பிடிக்கிற புளித்த நாற்றம் அடிக்கும். அந்த நிஜத் தொட்டியில், வெவ்வேறு பூச்சுப் பூசிய இரும்புத் தகடுகளை ஒரு வருடம் ஊறப் போட்டால் எந்தப் பூச்சு தாங்குகிறது, எது தாங்கவில்லை என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி. யாரும் செய்யவில்லை, ஏனென்றால் ஒரு வருடம் காத்திருக்க யாருக்கும் பொறுமை கிடையாது. எனக்குப் பொறுமை இருந்தது. வேறு என்ன இருந்தது?

வீட்டுக்காரர் தன் மேனேஜரிடம் பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தார். தொழிற்சாலையின் கோடியில் இருந்த ஒரு பழைய இயந்திரத்தின் தொட்டியைக் காட்டினார்கள். அந்த வரிசைக்கு மெயின்டனன்ஸ் சூப்பர்வைசராக இருந்தவர் திருநெல்வேலிக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். ஓசூரில் பாதி ஆயுளைக் கழித்தும் பேச்சில் ஒரு எழுத்து மாறவில்லை. அவர் ஊர் வழக்கப்படி நானும் அவரை அண்ணாச்சி என்றே கூப்பிட்டேன். அவர் என்னை முதல் நாளிலிருந்தே டாக்டர் மேடம் என்றுதான் கூப்பிட்டார். இன்னும் ஆகலை அண்ணாச்சி என்றால், "ஆகப் போறியள்லா, இப்பவே சொல்லிப் பழகுதேன்" என்பார்.

தகடுகளை நைலான் நூலில் கட்டித் தொட்டிக்குள் தொங்கவிட்டேன். ஒவ்வொன்றின் எடையையும் முன்னாலேயே எடுத்து வைத்திருந்தேன். "ஆராய்ச்சி நடக்கிறது, தொடாதீர்கள்" என்று அட்டை எழுதி மாட்டினேன். அடுத்த முறை போனபோது அதற்குக் கீழே யாரோ அதையே கன்னடத்தில் எழுதியிருந்தார்கள், அதற்குக் கீழே தெலுங்கில், அதற்கும் கீழே பீகார்ப் பையன்கள் இந்தியில். எனக்கு அழுகை வராத குறை. என் ஆய்வுக் குழுவில் இருந்த மூன்று பேராசிரியர்களும் என் தலைப்பைக் கூட முழுசாகப் படித்ததில்லை, இந்த மனுஷர்கள் இன்னும் மூணு மொழியில் காவல் போட்டிருந்தார்கள்.

சனிக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். மூன்று மாதத்தில் எடுக்க வேண்டியதை எடுத்தேன், ஆறு மாதத்தில் எடுக்க வேண்டியதை எடுத்தேன். முக்கியமானது ஒரு வருடத் தகடுகள்தான். அவைதான் மொத்த ஆய்வுக்கும் அஸ்திவாரம். அவற்றைக் கையால் தொடாமல், நூலைக் கொஞ்சம் தூக்கி எட்டி மட்டும் பார்ப்பேன். வெள்ளைத் திரவம் வடிய வடிய, ஒன்று கறுத்துக்கொண்டிருக்கும், ஒன்றில் காவி நிறத்தில் புள்ளி புள்ளியாக ஏறிக்கொண்டிருக்கும், ஒன்று அப்படியே பளபளவென்று நிற்கும். அந்தப் பளபளப்பான தகடுதான் நான் கண்டுபிடித்தது. உலகத்துக்கே துரு எதிரி, எனக்கு அது வளர வேண்டும். வீட்டுக்காரரிடம், "இன்னிக்கு நல்லா துருப்பிடிச்சிருக்குங்க" என்று குதிப்பேன். "ஊர்ல அவனவன் பொண்டாட்டி நகையைப் பார்த்துச் சந்தோஷப்படுவா, எனக்கு வாய்ச்சது இப்படி" என்பார்.

தீபாவளிக்குப் பிறகு தொங்கவிட்டது, அடுத்த தீபாவளிக்குப் பிறகு எடுக்க வேண்டும். இடையில் ஆயுத பூஜை வரும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இந்தச் சிப்காட்டில் ஆயுத பூஜை என்றால் அது சாதாரண விஷயமில்லை. வருடம் முழுக்க எண்ணெயிலும் தூளிலும் கிடந்த இயந்திரத்தைக் கழுவி, தொட்டியைக் காலி செய்து, துடைத்து, பெயின்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக் கன்று கட்டி, கல்யாணப் பெண் மாதிரி நிறுத்துவார்கள். நான் முன்கூட்டியே அண்ணாச்சியிடம் போய் நின்றேன். "தொட்டியைக் காலி பண்ணுங்க, பரவாயில்லை, புதுசா ஊத்தும்போது கொஞ்சம் பழசையும் கலந்து ஊத்திடுங்க. ஆனா தகட்டை யாரும் தூக்கிப் போட்டுடாம பத்திரமா வச்சுக்கங்க அண்ணாச்சி" என்றேன்.

"நீங்க வீட்டுல போய் நிம்மதியா இருங்க. நான் இருக்கம்லா" என்றார்.

பூஜையன்று குடும்பத்தோடு வரச் சொல்லி அழைப்பு. பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போனேன். உள்ளே சாம்பிராணி வாசம், வரிசையாக மாலை போட்ட இயந்திரங்கள், கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்த இரைச்சல். அண்ணாச்சி புது வேட்டியில் வந்து, "வாங்க டாக்டர் மேடம், ஒங்களுக்குன்னு ஒண்ணு வச்சிருக்கம்" என்று என்னைத் தொட்டிப் பக்கம் கூட்டிப் போனார்.

தொட்டிக்கு மேலே பலகை போட்டு, சிவப்புத் துணி விரித்து, அதில் என் தகடுகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். எல்லாமே கண்ணாடி மாதிரி மின்னின. ஒவ்வொன்றிலும் சந்தனம், குங்குமம். நடுவில் ஒரு சாமந்திப் பூ.

"ஒரே துரு மேடம். சாமி நாள்ல ஒங்க பீஸ அப்படி விட முடியுமா? நம்ம பயலுவ வேண்டாம்னுட்டு நானே ஒக்காந்து எமரி போட்டேன். ராத்திரி சாப்பாட்டுக்குக்கூட எந்திரிக்கல. எண்ணெயும் பூசி வச்சிருக்கேன், இனி ஜென்மத்துக்கும் துரு அண்டாது" என்றார்.

எமரி என்றால் உப்புத்தாள். துருவை மட்டும் கரைக்க ஒரு மருந்து உண்டு. அதில் முக்கி எடுத்து மிச்சத்தை எடை போட்டால், எவ்வளவு இரும்பைத் துரு தின்றது என்று தெரியும். உப்புத்தாளில் தேய்த்தால் துருவோடு பூச்சும் போகும், நல்ல இரும்பும் போகும். துரு தின்றது எது, உப்புத்தாள் தின்றது எது என்று அந்தச் சரஸ்வதியே இறங்கி வந்தாலும் சொல்ல முடியாது. அவர் மேல் என்ன தப்பு? தொழிற்சாலையில் ஒரு பொருளைப் பத்திரமாக வை என்று சொன்னால், துருவை எடுத்து எண்ணெய் பூசி வைப்பதுதான் பத்திரம். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் கை அதைத்தான் செய்துவந்திருக்கிறது. தன் வேலையை அவர் சுத்தமாகச் செய்திருந்தார்.

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார், தகடுகளைப் பார்த்தார், புரிந்துகொண்டு என் முழங்கையைப் பிடித்தார். அண்ணாச்சி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். "நல்லா இருக்கு அண்ணாச்சி" என்றேன். அவர் கொடுத்த பொரியையும் சுண்டலையும் நின்ற இடத்திலேயே நின்று சாப்பிட்டு முடித்தேன். வண்டியில் ஏறியதும்தான் வாய்விட்டு அழுதேன், பேருந்து நிலையம் தாண்டும்வரை அழுதேன்.

அடுத்த வாரம் சேலம் போனேன். ரோஜா வாங்கவில்லை. கைடு முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "குங்குமம் வேற வச்சாங்களா?" என்று அந்த இடத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "இதுக்கு ஏன்மா முகத்தைத் தொங்கப் போட்டிருக்க? மூணு மாசக் கணக்கு இருக்கு, ஆறு மாசக் கணக்கு இருக்கு. கிராஃப்ல கோட்டை அப்படியே நீட்டு, ஒரு வருஷம் வந்துடும். யார் வந்து உன் தொட்டிக்குள்ள எட்டிப் பாக்கப் போறா?" என்றார்.

"நான் அளக்கலையே சார்."

"அளந்திருந்தா என்ன வந்திருக்குமோ அதைத்தானே எழுதச் சொல்றேன்."

"என்ன வந்திருக்கும்னு தெரிஞ்சா நான் எதுக்கு சார் ஒரு வருஷம் காத்திருந்தேன்?"

அவருக்கு முகம் மாறிவிட்டது. நான் உத்தமி என்று காட்டிக்கொள்ளச் சொன்னதல்ல இது. அந்தத் தகடுகளை வாரா வாரம் எட்டிப் பார்த்தவள் நான். ஆறு மாதம் வரைக்கும் நன்றாக நின்ற பூச்சு ஒன்று, எட்டாம் மாதம் மழைக்காலத்தில் திடீரென்று பொரிந்துகொண்டு வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கோட்டை நீட்டினால் அது நல்ல பூச்சு என்று வரும். அதை நம்பி நாளைக்கு எவனாவது ஒரு வண்டியின் பிரேக்குக்குப் பூசுவான். இதைச் சொன்னேன். "ரொம்ப யோசிக்கிற" என்றார் கைடு.

திரும்பவும் ஊறப் போட இன்னொரு வருடம் வேண்டும். பதிவுக் காலம் முடிகிற நிலையில் இருந்தது. நீட்டிப்புக்கு அவர் கையெழுத்துப் போட வேண்டும். இன்றைக்கு, நாளைக்கு, கமிட்டி கூடட்டும், பொங்கல் முடியட்டும் என்று இழுத்தார். அவருக்கு அந்த இடம் காலியாக வேண்டும். புதிதாக ஒரு இளைஞர் காத்திருந்தார், கைடு சொன்னால் சொன்ன இடத்தில் கோடு போடுகிற ரகம். வீட்டுக்காரரிடம் கேட்டேன், நான் என்ன செய்யட்டும் என்று. "நீ எழுதினாலும் எனக்குத் தப்பாத் தெரியல, எழுதலைன்னாலும் தப்பாத் தெரியல" என்றார். இப்படி ஒரு பதிலுக்கு அந்த மனுஷன் வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம். இரண்டு நாள் அவருக்கு ரசம் வைக்கவில்லை.

காலம் முடிந்தது. பதிவு ரத்து என்று இரண்டே வரியில் மின்னஞ்சல் வந்தது. என் கோப்புகள் கைடு அறையில் இருந்தன, போன் செய்து கேட்டேன். "அது டிபார்ட்மெண்ட்ல இருக்கட்டும்" என்றார். கொஞ்ச நாளில் அந்த இளைஞரின் கட்டுரை வெளிவந்தது. தொழிற்சாலைக் கூலன்ட் தொட்டியில் பூச்சுகள், ஓராண்டுச் சோதனை. மூன்று மாத எண்களும் ஆறு மாத எண்களும் என்னுடையவை, கடைசிப் புள்ளி வரைக்கும். ஓராண்டு எண்கள் அழகாக ஒரே கோட்டில் உட்கார்ந்திருந்தன. எட்டாம் மாதம் பொரிந்த பூச்சுதான் சிறந்த பூச்சு என்று முடிவு. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! போன் போட்டுக் கத்தினேன். "தலைப்பு என்ன உங்கப்பா வீட்டுச் சொத்தா?" என்றார் கைடு. புகார் எழுதி அனுப்பினேன். விசாரிக்கப்படும் என்று பதில் வந்தது, விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

இதையாவது விழுங்கியிருப்பேன். போன வருடம் எங்கள் துறைக்குப் புதுத் தலைவர் என்று ஒருவரை அழைத்துவந்து முதல்வர் அறிமுகம் செய்தார். டாக்டர் பட்டம் வாங்கியவர், இளைஞர், சுறுசுறுப்பு. பார்த்தால், அந்தக் கட்டுரை எழுதியவரேதான்! என்னை விடச் சின்னவர். தனியாக வந்து, "மேடம், உங்க பேஸ் ஒர்க் எனக்கு ரொம்ப ஹெல்ப்பா இருந்துச்சு" என்றார். கபடமாகச் சொன்ன மாதிரிகூட இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது. அவருக்கு விடுப்புக் கடிதம் எழுதி, அவர் கையெழுத்துக்காக அவர் கதவில் நிற்பவள் நான்.

அந்தப் பூஜைக்குப் பிறகு நான் தொழிற்சாலைப் பக்கமே போகவில்லை. ஆயுத பூஜை வந்தால் தலைவலி, இல்லையென்றால் பரீட்சை வேலை. வீட்டுக்காரர் வந்து சொல்லுவார், அண்ணாச்சி கேட்டார், டாக்டர் மேடம் ஏன் வரலை, ஸ்வீட் எங்கே என்று. என் தகடுகளை அவர்கள் தூக்கிப் போடவில்லையாம். கருவிகள் வைக்கிற அலமாரியில் தனியாக ஒரு தட்டு, பூஜைக்குப் பூஜை எடுத்துத் துடைத்து எண்ணெய் பூசி, குங்குமம் வைக்கிறார்களாம். "உண்மையைச் சொல்லிடட்டுமா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். வாயை மூடிக்கொண்டிருக்கச் சொன்னேன். ஒரு மனுஷனாவது என்னை டாக்டர் என்று நினைத்துக்கொண்டிருக்கட்டும் என்று இருந்தது எனக்கு.

இந்த வருடம் தப்பிக்க முடியவில்லை. மாணவர்கள் பயிற்சிக்காகக் கல்லூரியும் அந்தத் தொழிற்சாலையும் ஒப்பந்தம் போட்டன. பூஜையன்று கையெழுத்து, போட்டோ எல்லாம். முதல்வர் துறைத்தலைவரை அனுப்பினார், வழி தெரியும் என்று என்னையும் கூட அனுப்பினார்.

அண்ணாச்சிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார். தட்டை எடுத்து வந்து துறைத்தலைவர் முன்னால் நீட்டினார். "இதான் சார் நம்ம டாக்டர் மேடத்தோட பீஸு. நம்ம தொட்டியில ஊறித்தான் மேடம் டாக்டர் ஆனாவ."

துறைத்தலைவர் ஒரு தகட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஓராண்டுத் தகட்டை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவையாக இருக்கும். சுண்டலை மென்றுகொண்டே, "இல்லைங்களே, மேடம் இன்னும் டாக்டர் ஆகலையே. டேட்டா கெட்டுப்போய் ரெஜிஸ்ட்ரேஷன் கேன்சல் ஆயிடுச்சே" என்றார். போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள், தகட்டை வைத்துவிட்டுப் போனார்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "என்ன மேடம் சொல்லுதாரு அவரு? எப்படிக் கெட்டுச்சு?"

பொய் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. இத்தனை வருடமாக யாரிடமும் கொட்ட முடியாத எரிச்சல் எல்லாம் சேர்ந்து உண்மையாகவே வந்துவிட்டது. "துருதான் அண்ணாச்சி ஆராய்ச்சி. எவ்வளவு துருப்பிடிச்சதுன்னு எடை போடத்தான் ஒரு வருஷம் ஊறப் போட்டேன்" என்றேன்.

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. "அந்தத் துருவையா நான்..." என்று நிறுத்தினார். பிறகு, "அன்னைக்கே என் செவுட்டுல ஒண்ணு விட்டிருக்கலாமே மேடம். நல்லா இருக்குன்னுட்டுச் சுண்டலத் தின்னுட்டுப் போனியளே" என்றார். கண் கலங்கிவிட்டது. எனக்கு அவரைத் தேற்றவும் தெரியவில்லை, திட்டவும் மனமில்லை.

அவர் வேட்டி முனையால் ஒவ்வொரு தகட்டின் குங்குமத்தையும் துடைத்தார். டிராயரிலிருந்து நைலான் நூல் எடுத்தார், கட்டினார். மாலை போட்டிருந்த இயந்திரத்தின் தொட்டி மூடியைத் தூக்கி, அத்தனையையும் உள்ளே இறக்கினார். "நான் ரிட்டையர் ஆக இன்னும் ஒரு பூஜை இருக்கு. அதுவரைக்கும் ஒரு பய இதைத் தொட்டுற மாட்டான். நீங்க டாக்டர் ஆகாம நான் ஊருக்குப் போக மாட்டேன், பாத்துக்கிடுங்க" என்றார்.

அந்தத் தகடுகளில் இப்போது எந்தப் பூச்சும் இல்லை. அவர் உப்புத்தாளில் போனது போனதுதான். இனி ஏறுவது வெறும் இரும்பின் துரு, அதற்கும் எந்த ஆராய்ச்சிக்கும் சம்பந்தம் கிடையாது. பதிவும் இல்லை, கைடும் இல்லை, தலைப்பில் இன்னொருவர் பட்டமே வாங்கிவிட்டார். இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். நைலான் நூலில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றேன்.

நேற்று பலகையில் புது அறிவிப்பு ஒட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஒட்டியது பெங்களூர் நிறுவனத்தின் அறிவிப்பு, நான் போகாத அதே இடம். பின்னால் இரண்டு பெண் பிள்ளைகள் வயது வரம்பை விரல் விட்டு எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனில் அண்ணாச்சி. பின்னணியில் இயந்திரச் சத்தம், அதற்கு மேல் குரலை உயர்த்திக் கத்தினார்.

"மேடம், இப்பத்தான் மூடியத் தொறந்து பாத்தேன். எல்லாத்துலயும் நல்லாத் துரு ஏறிட்டு வருது. கை வைக்கல மேடம், எட்டித்தான் பாத்தேன். சந்தோசந்தான?"

"சந்தோஷம் அண்ணாச்சி" என்றேன்.